உளறாத மயக்க மருந்து

"மயக்கத்துல ஆளுங்க உளறுவாங்களா டாக்டர்?" என்று மேனேஜர் மறுபடியும் கேட்டபோது, மயக்க மருந்து டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு அவரை நன்றாக ஒரு பார்வை பார்த்தார்.

மேனேஜருக்கு மடியில் கனம். அதனால் வழியில் பயம். குடலிறக்க ஆபரேஷனெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. அவர் மேனேஜராக இருந்த அச்சகம் மூடி ஆறு மாதமாகிறது. அது மனைவிக்குத் தெரியாது. தினமும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, அவள் கட்டித்தரும் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புவார். பொது நூலகத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்துவிட்டுச் சாயங்காலம் களைத்துப்போய்த் திரும்புவார். களைப்பு மட்டும் நிஜம். கடைசியாகக் கைக்கு வந்த தொகையைக் கிள்ளிக் கிள்ளிச் சம்பளமென்று கொடுத்துவந்தார்.

ஆபரேஷன் என்று முடிவானதும் அதே நூலகத்தில் மயக்க மருந்துகளைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தைக் கரைத்துக் குடித்தார். வந்தது வினை.

டாக்டரம்மா புரொபோஃபால் போடுவதாகச் சொன்னார். பால் மாதிரி வெள்ளையாக இருக்குமாம். நரம்பில் ஏறினால் அரை நிமிடத்தில் தூக்கம், சீக்கிரமே தெளிந்துவிடுமாம். சீக்கிரம் தெளிகிறவன் அரைத் தூக்கத்தில் வாயைத் திறப்பான் என்று மேனேஜருக்குப் பட்டது. அந்த மருந்தில் முட்டைச் சத்து கலந்திருக்கிறது என்று படித்தது சமயத்தில் கைகொடுத்தது.

"எனக்கு முட்டை ஒத்துக்காது டாக்டர். உடம்பெல்லாம் தடிச்சுடும்."

கால்மாட்டில் போர்வை மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "தினமும் ரெண்டு முட்டை அவிச்சு டப்பாவுல வெச்சு அனுப்பறேனேங்க?"

"அதை பைண்டருக்குக் குடுத்துடுவேன். பாவம், அவனுக்கு வீட்ல யாரும் இல்ல."

இல்லாத ஆபீஸில் இல்லாத பைண்டர். அவனுக்கு வீட்டிலும் யாரும் இல்லை.

டாக்டரம்மாவுக்குச் சந்தேகம்தான். ஆனாலும் வீண் வம்பு எதற்கென்று மருந்தை மாற்றினார். "அப்போ கெட்டமைன் போட்டுடலாம். உங்க மூச்சிரைப்புக்கும் அதுதான் நல்லது."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. கெட்டமைன் என்றால் விநோதக் கனவு, பிதற்றல். புத்தகத்தில் அதற்கென்றே ஒரு பக்கம் இருந்தது. எடோமிடேட் கொடுங்களேன், இதயத்துக்கு இதமானதாமே என்று மேனேஜர் கெஞ்சினார். இதயத்துக்கு ஒரு குறையும் இல்லை, அதைப் போட்டால் கைகால் வெட்டி இழுக்கும், வாந்தி எடுத்துத் தையல் பிரிந்தால் யார் பொறுப்பு என்று டாக்டரம்மா கேட்டார். பிறகு இரக்கப்பட்டார்.

"ரொம்பப் பயப்படறீங்க. கெட்டமைனோட மிடசோலமும் சேர்த்துப் போடறேன். அப்புறம் நடக்கறது எதுவுமே ஞாபகத்துல நிக்காது."

ஞாபகமே இல்லாதவன் எதை உளறுவான்? மேனேஜர் அன்றைக்கு முதன்முதலாகச் சிரித்தார். ஊசிக்குக் கையை அவரே நீட்டினார்.

கண் விழித்தபோது வார்டு ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. நாக்கு அட்டை மாதிரி ஒட்டிக்கிடந்தது. பக்கத்து ஸ்டூலில் மனைவி.

"நான் ஏதாவது பேசினேனா?"

"குறட்டைதான் விட்டீங்க."

தப்பித்தாயிற்று. ஆனால் சந்தோஷம் வரவில்லை. அவள் கண் வீங்கியிருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள். ஆறு மாதமாக இவளுக்குக் கொண்டுவந்து கொடுத்ததெல்லாம் பொய்தானே என்று அவருக்கு உறைத்தது. கையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"அச்சகத்தை மூடிட்டாங்க. ஆறு மாசமாச்சு. லைப்ரரியில போய் உக்காந்துட்டு வரேன். முட்டையையும் நானேதான் தின்னேன்."

அவள் கண்கள் அகல விரிந்தன. பிறகு அவர் நெற்றியைத் தடவினாள். "இத்தனை நாள் இதைத் தனியாவா சுமந்தீங்க? போகட்டும், நான் இருக்கேன். தூங்குங்க."

மேனேஜருக்குக் கண்ணீர் காதுவரை ஓடியது. பாரம் இறங்கிய சுகத்தில் இமைகள் கனத்தன. பக்கத்துக் கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு கிடந்த லாரி டிரைவர் அவளிடம் பேசியது, எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல் கேட்டது.

"மத்தியானத்திலேருந்து இது நாலாவது தடவைம்மா. ஒவ்வொரு தடவையும் புதுசா கேக்கற மாதிரி எப்படிம்மா முகத்தை வெச்சுக்கறீங்க?"