விசிறியில் பாடைச் சுழி

வேலந்தாவளம் சந்தையில் அன்று மாடுகளுக்கு மரியாதை குறைந்துவிட்டது. கூட்டத்தில் பாதி, மாடு கட்டும் இடத்தைத் தாண்டி, புண்ணாக்குக் கடைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகைக்குப் போய்விட்டது. பைக்கில், ஆட்டோவில், சரக்கு டெம்போவில் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. ஒருவர் மகனின் கம்ப்யூட்டரை மடியில் வைத்து, வெயில் படாமல் துண்டு போர்த்தியிருந்தார். மகனுக்குத் துண்டு இல்லை.

கொட்டகை வாசலில் பேனர் கட்டியிருந்தது. 'கம்ப்யூட்டருக்குச் சுழி பார்க்கப்படும். தோஷமுள்ள சுழி மாற்றித் தரப்படும். பாகங்கள் வாங்கும் முன் ஆலோசனை அவசியம்.' நடுவில் பூபதிராஜா கைகூப்பிச் சிரித்தார். அவருக்கு ஒரு பக்கம் காங்கேயம் காளை, மறுபக்கம் வண்ண விளக்கெரியும் கேமிங் கம்ப்யூட்டர். இரண்டுக்கும் மாலை.

பூபதிராஜா போன வருஷம் வரை மாட்டுத் தரகர். மாட்டின் உடம்பில் ரோமம் எங்கே சுழித்திருக்கிறது என்று தடவிப் பார்த்து, இது வீட்டுக்கு ஆகும், இது ஆகாது என்பார். சுழி பார்க்காமல் இந்தப் பக்கத்தில் யாரும் மாடு வாங்குவதில்லை. மாடு வாங்குவது குறைந்து, பிள்ளைகள் கேம் ஆடுவது கூடிய காலத்தில், யார் வீட்டிலோ ஒரு கம்ப்யூட்டரின் முகத்தில் விசிறி சுற்றுவதைப் பார்த்தார். ஞானம் பிறந்தது. மாட்டில் சுழியைத் தேட வேண்டும். இதுவோ தானே சுழன்று காட்டுகிறது.

சாஸ்திரம் மிகச் சின்னது. விசிறி இடப்பக்கமாகச் சுற்றினால் பாடைச் சுழி. வீட்டில் சாவு விழும். வலப்பக்கமாகச் சுற்றினால் லட்சுமிச் சுழி. வந்த கம்ப்யூட்டர் அத்தனைக்கும் பாடைச் சுழிதான். கேரள எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இத்தனை வீடுகளில் எமன் ஒரே நேரத்தில் காத்திருக்கிறானே என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பயம்தான் வந்தது. பயத்துக்குப் பரிகாரம் இருந்தது. பெட்டி உள்ளறைக்குப் போகும். ஸ்பீக்கரில் கெட்டிமேளம் தகரம் அதிர அலறும். கொஞ்ச நேரத்தில் பெட்டி வெளியே வரும். விசிறி வலப்பக்கமாகச் சுற்றும். கேமும் முன்னைவிட நன்றாக ஓடும். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

யோகப்பிரியா இங்கே விரும்பி வரவில்லை. கல்லூரியில் படிப்பவள், ஐந்து பெண்கள் கொண்ட கேமிங் அணி ஒன்றில் ஆடுபவள். மாநிலத் தகுதிச் சுற்று நெருங்கிவிட்டது. எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்தே ஆட வேண்டும். அவள் கம்ப்யூட்டரோ எதிரி வரும் நேரம் பார்த்து உறைந்துவிடும். அது மறுபடி அசையும்போது இவள் செத்துக் கிடப்பாள்.

"பழைய ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு எஸ்எஸ்டி போடோணும். ரேம் ஒண்ணு கூடச் சேக்கோணும். அவ்வளவுதானுங்கப்பா" என்றாள் அப்பாவிடம்.

அப்பா தனபாலுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. பயமும் இருக்கிறது. இரண்டு வருஷம் முன்பு பாடைச் சுழி என்று பூபதிராஜா சொன்னதும், கறவையில் இருந்த செவலைப் பசுவை அவர் மூலமே வந்த விலைக்குத் தள்ளிவிட்டவர். "சுழி பாக்காம ஒரு ஸ்குரூ வாங்கமாட்டேன் கண்ணு" என்று கம்ப்யூட்டரை டெம்போவில் ஏற்றிவிட்டார்.

பூபதிராஜா பூதக்கண்ணாடி வழியாக விசிறியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"ஏனுங் தனபாலு, ஊட்டுல சமீபத்துல எதாச்சும் கெட்டுப்போச்சுங்களா?"

"மோட்டார் காயில் போச்சுங்க."

கூட்டம் 'ச்சொ' கொட்டியது. கோடையில் காயில் போகாத மோட்டார் இந்தத் தாலுகாவில் இருந்தால் அதற்குத்தான் மாலை போட வேண்டும்.

"பாப்பா என்ன வாங்கோணுங்குது?"

"ரேமு, அப்பறம் எஸ்எஸ்டியாமுங்க."

"அதுல விசிறி இருக்குதா?"

"இல்லீங்" என்றாள் யோகப்பிரியா.

"விசிறி இல்லீன்னா சுழி இல்ல. சுழி இல்லாத சாமானுக்கு உசுரு ஏது அம்மணி? மூணு விசிறி வெச்ச கிராபிக்ஸ் கார்டு போடோணும். நம்மகிட்டயே இருக்குது."

"அதுக்கு என்ற பவர் சப்ளை பத்தாதுங். போட்டா கம்ப்யூட்டரே ஆன் ஆவாது."

"ஆன் ஆவலீன்னா பாடையும் வராதுல்ல?"

கொட்டகை சிரித்தது. எதிர்த்துப் பேசிய வாய்க்குத் தண்டனையாகத் தோஷம் உடனே முற்றிவிட்டது. இது சாதாரணச் சுழி இல்லை, பெட்டி அமாவாசை வரை உள்ளறையில் இருக்க வேண்டும் என்றார் பூபதிராஜா. தனபால் தலையாட்டினார். அமாவாசைக்கு முன்பே தகுதிச் சுற்று முடிந்துவிடும்.

அன்று சாயங்காலம் அணித் தலைவி டின்சி, கம்பம்மெட்டிலிருந்து போனில் பேசினாள். "எடீ, உங்க ஊர்ல கம்ப்யூட்டருக்குப் பேறுகாலமா? அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை எனக்கு அஞ்சு பேரு வேணும். நீ இல்லைன்னா வட்டவடை சந்தனமேரி ரெடியா நிக்கிறா. ஒரு தடவை அவளை எடுத்துட்டா அப்புறம் மாத்த முடியாதுடி."

யாரிடமாவது கம்ப்யூட்டர் இரவல் கேட்கலாம் என்றால், பாடைச் சுழி வீட்டுப் பெண்ணுக்கு யார் தருவார்கள்? கேட்ட வீடுகளில் காபி மட்டும் கொடுத்தார்கள்.

வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அலமாரியில் எப்போதோ கழற்றிவைத்த பழைய விசிறி ஒன்று இருந்தது. பொழுது போகாமல் அதை பவர் பேங்கில் இணைத்து மேசையில் நிறுத்தினாள். இடப்பக்கமாகச் சுற்றியது. பாடை. சரி, விதி என்று தண்ணீர் குடிக்க எழுந்து மேசைக்கு அந்தப் பக்கம் போனவள், திரும்பிப் பார்த்தாள். விசிறி வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

இந்தப் பக்கம் வந்தாள். பாடை. அந்தப் பக்கம் போனாள். லட்சுமி. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மகளுக்கும் தோஷம் ஏறிவிட்டதோ என்று தனபால் நடுங்கினார்.

அடுத்த சந்தைக்கு அவளே அப்பாவை இழுத்துக்கொண்டு வந்தாள். கையில் ஒரு பை, தோளில் அப்பாவின் துண்டு. கொட்டகை நிரம்பி வழிந்தது.

"ஐயா, புதுசா விசிறி வாங்கலாமுன்னு இருக்கறனுங். சுழி பாத்துச் சொல்லுங்" என்றாள்.

பூபதிராஜாவின் முகம் மலர்ந்தது. "இப்பத்தான் வழிக்கு வந்துருக்குது. காட்டு அம்மணி."

துண்டை விரித்து, அதற்கு அடியிலிருந்து ஓடும் விசிறி ஒன்றை நீட்டினாள். ஓரத்தில் வட்டமாக வெட்டிய அட்டை, நடுவில் மஞ்சள் பூசிக் குங்குமம். பக்தியைப் பார்த்துக் கூட்டம் நெகிழ்ந்தது.

"பாடை" என்றார் பூபதிராஜா. "தொடாத."

விசிறி துண்டுக்குள் போனது. மறுபடி ஒன்று வந்தது. அதே அட்டை, அதே குங்குமம்.

"இது லட்சுமி. இத வாங்கிக்க."

மூன்றாவதை "பாடை" என்றார். நான்காவது, லட்சுமி. ஐந்தாவதற்கு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "கடும் பாடை" என்றார்.

"ஏனுங்யா, இந்த அஞ்சுல லட்சுமிய மட்டும் வாங்கட்டுங்களா?"

"பின்ன? பாடைய அந்தக் கடைக்காரன் மூஞ்சியிலயே வீசு."

யோகப்பிரியா துண்டை எடுத்து உதறினாள். அடியில் ஒரு பவர் பேங்க். கையில் ஒரே ஒரு விசிறி.

"மத்தது எங்க?" என்றார் முன்னால் நின்றவர்.

"மத்தது இல்லீங்ணா. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியத்தான் அட்டையும் குங்குமமும். இந்தப் பக்கம் பாத்தா பாடை." திருப்பினாள். "அந்தப் பக்கம் பாத்தா லட்சுமி. எல்லாக் கம்பெனிக்காரனும் ஒரே மாதிரிதான் சுத்த வெக்கறான். அதுனாலதான் இங்க வந்ததுக்கெல்லாம் பாடை. உள்ள கொண்டுபோய்க் கழட்டித் திருப்பி மாட்டறாங்க, லட்சுமி வந்துர்றா."

சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசியே வளர்ந்த மனிதர் பூபதிராஜா. துண்டுக்கு அடியில் தாமே விலை போவது அவருக்குப் புதிது. ஆனாலும் தரகர் அல்லவா. எழுந்து நின்றார்.

"சுழி பொய்யின்னே வெச்சுக்குவோம். பூஜை பண்ணுனதுக்கப்பறம் கேமு நல்லா ஓடுதா இல்லியா? ஓடுனவங்க சொல்லுங்க."

"ஓடுதுங்க, ஓடுதுங்க" என்றது கூட்டம், சாய்வதற்கு ஒரு தூண் கிடைத்த நிம்மதியில்.

உள்ளறையில் அப்போதும் பூஜை நடந்துகொண்டிருந்தது. கெட்டிமேளம் உச்சத்தில். யோகப்பிரியா சுவரோரம் போனாள். ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கினாள்.

மேளம் நின்றது. உள்ளேயிருந்து 'வ்வ்வ்ர்ர்ர்' என்று வேறொரு சத்தம் வந்தது. கொட்டகை காது கொடுத்தது.

"இது எங்க கோழிப்பண்ணையில தூசி ஊதற புளோயருங்க" என்றார் ஒருவர், குழப்பமாக.

கதவைத் திறந்தார்கள். வாயில் துணி கட்டிக்கொண்டு, தலை முதல் கால் வரை தூசியாக, பூபதிராஜாவின் மச்சினன் அப்புசாமி நின்றிருந்தார். ஒரு கையில் புளோயர், மறுகையில் ஸ்குரூ டிரைவர்.

"மேளம் ஏனுங் நின்னுபோச்சு?" என்றார்.

"தூசி அடைச்சாச் சூடாகும். சூடானா மெதுவா ஓடும். ஊதிவிட்டா நல்லா ஓடும்" என்றாள் யோகப்பிரியா. "இதுக்கு மேளம் வேண்டாமுங்."

ஜனங்கள் அப்போதாவது வெட்கப்பட்டார்களா என்று கேட்காதீர்கள். இரண்டு பேர் அப்புசாமியிடம், வந்தது வந்தோம், எங்களதையும் ஊதிவிடுங்க என்று வரிசையில் நின்றார்கள். இன்னொருவர் யோகப்பிரியாவிடம் கை நீட்டி ரேகை பார்க்கச் சொன்னார்.

தனபால் மட்டும் உள்ளே போய் மகளின் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டார். வாசலுக்கு வந்ததும் ஏதோ நினைவு வந்தவர்போல நின்றார்.

"அப்புசாமி, நான் குடுத்த செவலப் பசு இப்ப யாரூட்டுல நிக்குதுங்க?"

தூசியில் இருமிக்கொண்டே உண்மையைச் சொல்லும் அளவுக்கு அப்புசாமி களைத்திருந்தார். "மச்சானூட்டுலதானுங்க. வேளைக்கு எட்டு லிட்டர் கறக்குது."

பூபதிராஜா பேனருக்குப் பின்னால் போய்விட்டார். முன்னாலிருந்த பூபதிராஜா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே கோயமுத்தூர் போய், விசிறி இல்லாத, சுழி இல்லாத, உசுரில்லாத அந்த இரண்டு பாகங்களையும் வாங்கி வந்து மாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் ஒரு முறையும் உறையவில்லை. யோகப்பிரியா மூன்று முறை செத்தாள். மூன்றும் அவளே செய்த தப்பு. அணி கடைசி ஆட்டத்தில்தான் தகுதி பெற்றது. சந்தனமேரி இன்னும் ரெடியாகத்தான் நிற்கிறாளாம்.

தனபால் அடுத்த சந்தையில் ஒரு பசு வாங்கினார். சுழி பார்க்கவில்லை. பால் கறந்து பார்த்தார்.

உங்களுக்கும் யாராவது சுழி காட்டுவார்கள். காட்டட்டும். எழுந்து அந்தப் பக்கம் போய் ஒரு தடவை பாருங்கள். அதற்கு இரண்டு கால் போதும்; இரண்டையும் சுழி காட்டுபவர் காலடியில் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் நமக்குப் பிடித்த பாடை.