நிலம் பேனர் அடித்துக் கொடுத்த மாமாவுக்கு

கிராம நூலகம்,
ஏழாங்கட்டை, சுங்கை சிப்புட்.
ஜூன் 14

ஈப்போவில் எந்தக் கல்யாணமும் எந்தக் கருமாதியும் உங்கள் பேனர் இல்லாமல் நடக்காது என்ற பெயருடைய என் தாய்மாமா தர்மா அவர்களுக்கு, அக்காள் மகள் ஷாமினி முக்கால் பங்கு நன்றியோடும் கால் பங்கு கோபத்தோடும் எழுதுவது. இங்கே நான் சுகம், அம்மா சுகம், அம்மாவின் முட்டி மட்டும் சுகமில்லை. அங்கே அத்தையும் பிள்ளைகளும் புதிதாக வாங்கிய பிரிண்டிங் மெஷினும் சுகமா என்று அறிய ஆசை. இரண்டு வாரத்துக்கு முன் நான் போனில் கத்திய கத்தலுக்குப் பிறகு நீங்கள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டதால், இருபத்து நாலு வயதில் முதல் முறையாகத் தபால்தலை வாங்கினேன். வீட்டுக்கு வரும் கடிதங்களை நீங்கள் பிரிக்காமலே பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பீர்கள் என்று அம்மா சொன்னார். தயவுசெய்து இதைப் பிரியுங்கள். இதில் சம்மன் எதுவும் இல்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று போனில் நீங்கள் கேட்டது கத்தலை மட்டும்தான். எங்கள் நூலகம் சமூக மண்டபத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஓர் ஏர்கோன், ஒப்பந்தத்தில் நான். பள்ளி விட்டதும் பதினொரு பிள்ளைகள் இங்கே வந்து வீட்டுப்பாடம் செய்யும், ஏனென்றால் அவர்கள் வீடுகளில் மேசை கிடையாது. இந்த மார்ச்சில் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது: ஜூன் விடுமுறை நிகழ்ச்சிக்கு முதல் நாளே முப்பது பேராவது பெயர் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அறையைப் பூட்டிப் புத்தகங்களைப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்விடுவோம். எனக்கு வேறு வேலை கிடைக்கும் மாமா, ஃபேக்டரியில் எப்போதும் ஆள் எடுக்கிறார்கள். மேசையை எந்த ஃபேக்டரியும் கொடுக்காது. போன வருஷமே, மக்களை நூலகத்துக்கு வரவழைப்பது எப்படி என்று ஈப்போவில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி வேறு கொடுத்தார்கள். அறுபத்து நாலு ஸ்லைடு. அவர்கள் கண்டுபிடித்த மருந்து ஓர் ஆந்தை. அறிவுக்கு அடையாளமாம். அந்த ஆந்தை உடுப்பைப் போட்டுக்கொண்டு நான்தான் காலையில் வீடு வீடாகப் போய்க் கையாட்டினேன். லோரி ஓட்டும் ஐயாவு அண்ணன் வண்டியை எடுக்காமல் வீட்டுக்குள் போய்விட்டார். "காலங்காத்தால ஆந்த மூஞ்சில முழிச்சிட்டு எவன்லா லோரிய எடுப்பான்" என்று அவர் சொன்னது தாமான் குடியிருப்பு முழுக்கக் கேட்டது. அந்த வருஷம் வந்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் கக்கூஸ் எங்கே என்று கேட்டுத்தான் வந்தார்.

அதனால் இந்த வருஷம் ஆந்தை வேண்டாம், பேனர் போதும் என்று உங்களிடம் வந்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படித்த புத்தகங்களை எழுதி வைக்கிறார்களே, அந்த வாசிப்புத் திட்டத்தின் பெயர் நிலம். மலாயில் நிலம் என்றால் நீலக்கல். விடுமுறையில் நூலகத்திலும் அதே திட்டம், அதே நோட்டு. நான் கேட்டது, 'நிலம் வாசிப்புத் திட்டம், விடுமுறைப் பெயர் பதிவு, இலவசம்.' நீங்கள் அடித்துக் கொடுத்தது, பத்தடி நீளத்தில், மஞ்சளில் சிவப்பு எழுத்தில்: 'நிலம் – இலவசப் பெயர் பதிவு.' வாசிப்பைக் காணோம். விடுமுறையையும் காணோம். வாசிப்புக்கு இடமில்லாத அந்தப் பேனரில் உங்கள் கடைப் பெயருக்கும் விலாசத்துக்கும் போன் நம்பருக்கும் தாராளமாக இடம் இருந்தது. நானும் அதைப் பார்க்காமலே கட்டினேன், ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு எழுத்தைப் பார்க்க முடியாது.

நம் ஆட்களுக்கு நிலம் என்றால் என்ன என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் தோட்டத்தை விற்றபோது தற்காலிகம் என்று சொல்லி லயத்து வீடுகளிலிருந்து கொண்டுவந்து போட்ட பலகை வீடுகளில் இருபத்திரண்டு வருஷமாக இருப்பவர்கள் இவர்கள். சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு நான் மோட்டாரில் வந்தபோது தெரு அடைத்து ஆள். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஹெல்மெட்டைக் கழற்றினேன். பக்கத்தில் போன பிறகுதான் தெரிந்தது, அது வரிசை. விடியும்போதே வந்து, அந்தக் காலத்துத் தோட்டப் பெரட்டில் ஆள் கணக்குக்கு நிற்பது மாதிரி, ஒருவர் பின் ஒருவராக நின்றிருந்தார்கள். எல்லார் கையிலும் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஐசி அட்டை, பிறந்த சூராட் பத்திரம், லைட் பில். ஐயாவு அண்ணன் செமோரில் இருக்கும் சொந்தக்காரர்களையும் சேர்த்து லோரியில் ஏற்றி வந்திருந்தார். கோப்பெங்கிலிருந்துகூட ஒரு வேன். வரிசையின் முதல் ஆள் இருளாயி பெரியம்மா, கல்யாண வீட்டுச் சேலையில். "கிராணியம்மா இப்பத்தான் எந்திரிச்சு வாராங்க. கதவத் தொற, மொத நம்பரு நானு" என்றார், எழுதுகிற வேலை எல்லாம் அவருக்குக் கிராணி வேலைதான்.

நான் விஷயம் புரிந்து வாயைத் திறப்பதற்குள் தலைமையகத்து அதிகாரியம்மா புவான் ரொஸ்னாவின் கார் வந்து நின்றது. முப்பது தலை இருக்கிறதா என்று எண்ண வந்தவர், நூற்று நாற்பது தலையைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். சட்டையில் அரசாங்க அட்டை குத்திய ஆளைப் பார்த்ததும் கூட்டம் "நிலம், நிலம்" என்றது. படிப்பின் மேல் இத்தனை ஆர்வத்தை என் இருபது வருஷ வேலையில் பார்த்ததில்லை என்றார் புவான். இருளாயி பெரியம்மா பேனரைக் காட்டி நல்ல மலாயில் கேட்டார், நிலம் எப்போது கிடைக்கும் என்று. இன்றைக்கே என்றார் புவான். குடும்பத்துக்கு ஒன்றா என்று ஐயாவு அண்ணன் கேட்டார். அது எப்படி, ஆளுக்கு ஒன்று, சின்னப் பிள்ளைகளுக்கும் தனித்தனியாக என்றார் புவான். மாமா, கை தட்டினார்கள். வரிசையின் நடுவில் ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு பக்கமும் வேறு வேறு நிலத்தைப் பேசுகிறார்கள் என்று தெரிந்த ஒரே பாவி அங்கே நான்தான். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வருவதற்குள் புவான் காரிலிருந்து பெட்டியை இறக்கி, முதல் நோட்டை எடுத்து, இரண்டு கையாலும் இருளாயி பெரியம்மாவிடம் கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டார். பெரியம்மா அதைத் திருப்பிப் பார்த்தார், விரித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னாம்மா இது, நெலத்த நோட்டுல குடுக்குறாங்க. இது எத்தன அடிக்கு எத்தன அடி?"

நாற்காலியில் ஏறி நின்று உண்மையைச் சொன்னேன். இது புத்தகம் படிக்கிற நிலம், வீட்டு நிலம் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். யாரும் கத்தவில்லை. ஏமாந்து பழகியவர்கள், பிளாஸ்டிக் பைகளை மறுபடி முடிச்சுப் போட்டார்கள். ஐயாவு அண்ணன்தான் பேசினார். "லோரில முப்பது பேர ஏத்திட்டு வந்தேன்லா. எறங்கும்போது ஆளாளுக்குக் கையப் புடிச்சு நன்றி சொன்னாங்க. இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுத் திரும்ப ஏத்துவேன்? யாரு அடிச்சா இந்த பேனர?" என் மாமா என்றேன். கடை எங்கே என்று அவர் கேட்கவில்லை, அதைத்தான் நீங்களே போட்டிருந்தீர்களே. அன்று உங்களுக்கு வந்த நாற்பது போன் கால்களுக்கும் காரணம் அதுதான். நாற்பத்து ஒன்றாவது நான்.

எல்லாரும் கிளம்பியிருப்பார்கள். இருளாயி பெரியம்மா கிளம்பவில்லை. சேலை கட்டி வந்தது வீணாகக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். "நெலந்தான் இல்ல. படிக்கிற எடம்னு சொல்ற இல்ல, இதயாச்சும் படிச்சு சொல்லு. ஆபீசு மலாய் எனக்கு வெளங்காது." நான் நாற்காலியிலிருந்து இறங்குவதற்குள் ஐயாவு அண்ணனின் மகள், இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டு படிக்கும் திவ்யாஷினி, வாங்கிச் சத்தமாக வாசித்துத் தமிழில் சொன்னாள். மலிவு வீடு ஒன்று உங்கள் பெயருக்கு ஒதுக்கப்பட்டுள்ளது, பதினாலு நாளில் வந்து கையெழுத்துப் போடவும், வராவிட்டால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளப்படும். தேதியைப் பார்த்தேன். எட்டு வருஷம் ஆகியிருந்தது. பெரியம்மா கேட்டார்: "பதினாலு நாளுன்னா, இன்னும் எத்தன நாளு இருக்கு?"

இந்த வீடுகளில் அந்த எழுத்தைப் படிக்க ஆள் இருக்கிறதா என்று கேட்காமல் கடிதம் அனுப்பி, பதில் வராததை வேண்டாம் என்று எழுதிக்கொண்டவர்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை. அதில் எனக்கும் பங்குண்டு. பெரியம்மா வீட்டிலிருந்து நூலகத்துக்கு இருநூறு அடி. இரண்டு வருஷமாக மக்கள் ஏன் வரவில்லை என்று நானும் ஏர்கோனும் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தோம். அந்தக் கடிதம் இருநூறு அடிக்கு அந்தப் பக்கத்தில் கிடந்தது.

அதற்குப் பிறகு யாரும் கிளம்பவில்லை மாமா. முடிச்சுப் போட்ட பைகளெல்லாம் மறுபடி அவிழ்ந்தன. ஆளுக்கு இரண்டு, மூன்று கடிதம். பள்ளிப் பிள்ளைகள் மேசை மேசையாக உட்கார்ந்து வாசிக்க, பெரியவர்கள் பக்கத்தில் முக்காலி போட்டுக் கேட்டார்கள். ஏர்கோன் கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டது, யாரும் கண்டுகொள்ளவில்லை. வாசித்ததை நோட்டில் எழுத வேண்டும் என்பது விதி. திவ்யாஷினி எழுதினாள். தலைப்பு: இருளாயிக்கு வந்த கடிதம். ஆசிரியர்: ஆபீஸ். பக்கம்: ஒன்று. கற்றுக்கொண்ட பாடம்: பதினாலு நாள் என்றால் பதினாலு நாள். புவான் ரொஸ்னா அதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். பேனர் விஷயம் முழுவதும் அப்போதுதான் அவருக்கு விளங்கியது. எனக்கு வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, புத்தகமல்லாத வாசிப்புக்கும் இந்த நோட்டில் இடம் உண்டு என்று சொல்லி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெரியம்மாவுக்கு மேல்முறையீட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தார். மத்தியானம் ஒரு மணி வரை எழுந்திருக்கவில்லை.

விடுமுறை இன்றோடு முடிகிறது. அறை பூட்டப்படவில்லை. ஒரு நாளும் நாற்பது பேருக்குக் குறையவில்லை. பெரியம்மாவுக்கு வீடு கிடைத்துவிட்டது என்று எழுத ஆசைதான், கிடைக்கவில்லை. மேல்முறையீடு பெற்றுக்கொள்ளப்பட்டது என்று ஒரு ரப்பர் முத்திரை கிடைத்திருக்கிறது, அதை லேமினேட் செய்துவிட்டார். இதுவரை ஒரு புத்தகமும் எடுக்கவில்லை. "நான் காத்துக்குத்தான் வாரேன்" என்கிறார். ரிப்பேர் பார்த்து வந்த ஏர்கோனுக்கு அடியில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். இத்தனைக்கும் காரணம் நீங்கள் முழுங்கிய ஒரு வார்த்தை. ஆந்தையால் ஆகாததை, அறுபத்து நாலு ஸ்லைடால் ஆகாததை, உங்கள் கவனக்குறைவு செய்தது. அதற்கு என் மனமார்ந்த நன்றி. டிசம்பர் விடுமுறைக்கு இன்னொரு பேனர் வேண்டும்: 'பிரிக்காத கடிதங்களைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.' இந்த முறை வாசிப்பை விட்டுவிடாதீர்கள். உங்கள் பிஸ்கட் டின்னையும் கொண்டு வாருங்கள்.

அத்தைக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். ஏழாங்கட்டை முனீஸ்வரர் உங்கள் மெஷினுக்கு மையையும் உங்களுக்குப் பொறுமையையும் குறையாமல் தரட்டும்.

பிளாக் எடுக்கப்படக் காத்திருக்கும்,
ஷாமினி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது புவான் ரொஸ்னா கூப்பிட்டார். மற்ற நூலகங்களுக்குக் காட்ட வேண்டும், பேனருக்கு நான் எழுதிக் கொடுத்த வாசகத்தை அப்படியே அனுப்பு என்றார். போனில் உங்களுக்கு அனுப்பிய செய்தியைத் தேடி எடுத்தேன். மே 9, மத்தியானம் 1.10, ஒரு கையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு நான் தட்டியது: 'நிலம் – இலவசப் பெயர் பதிவு.' அதற்கு நீங்கள், 'இவ்ளோதானாம்மா? வேற ஒண்ணும் போட வேணாமா?' அதற்கு நான், 'போதும் மாமா. சுருக்கமா இருந்தாத்தான் சனங்க படிப்பாங்க. காலி எடத்துல உங்க கடை பேரப் போட்டுக்குங்க.' இத்தனை பக்கத்தையும் திரும்ப எழுத எனக்குப் பொறுமை இல்லை. திட்டு வரும் இடத்தில் எல்லாம் என் பெயரைப் போட்டு வாசித்துக்கொள்ளுங்கள். நன்றியை மட்டும் திருப்பி அனுப்பாதீர்கள், அது உங்களுக்குத்தான்.