மணியம் அங்கிளுக்கு நான் போட்ட மாலை

எனக்குக் கழுத்து வரைய வராது. கண், மூக்கு, மீசை எல்லாம் எப்படியோ ஒப்பேற்றிவிடுவேன். தாடைக்குக் கீழே இறங்கினால்தான் கை தடுமாறும். ஒன்று, தலை நேராகத் தோளில் போய் உட்கார்ந்துவிடும். இல்லையென்றால் கழுத்து பப்பாளி மரம் மாதிரி நீண்டுவிடும். இந்த ஒரு குறையால்தான் கிள்ளானில் நன்றாக இருந்த ஒரு மனிதரை நான் சாகடித்தேன்.

அப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். (எனக்கு வேலை பிடிக்கவில்லை. பல் வலியோடு வருகிறவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை.) வீட்டுக்கு வந்தால் கரித்துண்டை எடுத்துக்கொண்டு முகங்கள் வரைவேன், ஃபேஸ்புக்கில் போடுவேன். "படம் வரைஞ்சு யாருடி சோறு சாப்பிட்டா?" என்பார் அம்மா. கடைசியில் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஆனது. சொந்தக்காரர் அல்லாத ஒருவர் தானாக வந்து படம் கேட்டு, அதைச் சந்தோஷமாகச் சுவரில் மாட்டினால் நான் வேலையை விடலாம். இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு கவுண்டரிலேயே இருக்க வேண்டும்.

அப்படி வந்தவர் கோமதி அக்கா. அவருடைய அப்பா மணியம் அங்கிள் கிள்ளானில் ஸ்கூல் பஸ் ஓட்டியவர். என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் அவர் பஸ்ஸில் வாந்தி எடுத்து வளர்ந்தவர்கள், நானும்தான். அங்கிள் பஸ்ஸை விட்டு ஓய்வு பெறப் போகிறார், மண்டபத்தில் விருந்து, பழைய பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள், அங்கே அவர் படத்தைத் திறக்க வேண்டும் என்றார் அக்கா. "படம் வரையறது அப்பாவுக்குத் தெரியவே கூடாது லா. சர்ப்ரைஸ்," என்று வேறு சொன்னார். நான் தலையாட்டிய வேகத்துக்கு என் கழுத்தே சுளுக்கிக்கொண்டது.

படம் நன்றாக வந்தது, தாடை வரை.

அதற்குக் கீழே எத்தனை முறை அழித்து வரைந்தாலும் அங்கிள் பப்பாளி மரமாகவே நின்றார். அப்போதுதான் அந்த அருமையான யோசனை உதித்தது. விருந்தில் எப்படியும் அவருக்கு மாலை போடத்தானே போகிறார்கள்? இப்போதே போட்டுவிட்டால் என்ன? நல்ல கனமான ரோஜா மாலையாக, காதைத் தொடுகிற அளவுக்குப் போட்டேன். கழுத்து ஒழிந்தது. இரண்டு பக்கமும் வெறிச்சென்று இருந்ததால் பக்கத்துக்கு ஒரு குத்துவிளக்கு வைத்தேன். (அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "விளக்கு அழகா இருக்கே," என்றார். அவருக்கும் எதுவும் தோன்றவில்லை. என் தரப்பில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.)

படத்தை அக்காவிடம் கொடுக்க இன்னும் சில நாள் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. வரைந்தது நான், போடுவதற்கு யாரைக் கேட்க வேண்டும்? அங்கிள் ஃபேஸ்புக் பக்கமே வராதவர், அதனால் சர்ப்ரைஸும் கெடாது. மறுநாள் காலை வேலைக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்தபடியே போட்டுவிட்டேன். மேலே "மறக்க முடியாத மனிதர். எல்லாவற்றுக்கும் நன்றி, அங்கிள்" என்று எழுதினேன். கரிப் படத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று கறுப்பு இதயம் ஒன்றையும் சேர்த்தேன்.

கிளினிக்கில் கைப்பேசியை டிராயரில் வைத்துவிட வேண்டும். தேநீர் இடைவேளையில் எடுத்துப் பார்த்தால், என் ஆயுளில் பார்க்காத அளவுக்குக் கருத்துகள். ஆசையாகத் திறந்தேன். "ஆழ்ந்த இரங்கல்." "அங்கிள், எங்களை விட்டுட்டுப் போயிட்டீங்களே." "பாடி எங்க, எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?"

ஐயோ, படத்தைக் கொடுப்பதற்குள் மணியம் அங்கிள் போய்விட்டாரா? எனக்குக் கண் கலங்கிவிட்டது. கருத்துகளை மேலே தள்ளி மேலே தள்ளி, எல்லாவற்றுக்கும் உச்சியில் என் படத்தைப் பார்த்த பிறகுதான் அவர் எதனால் செத்தார் என்று புரிந்தது.

அதற்குள் வாட்ஸ்அப்பில் செமினியிலிருந்து என் அத்தையே அந்தப் படத்தை எனக்கு அனுப்பியிருந்தார். யாரோ அதில் இரண்டு மெழுகுவர்த்தியையும் ஒரு புறாவையும் சேர்த்து, "கண்ணீர் அஞ்சலி" என்று எழுதி, மூலையில் இருந்த என் கையெழுத்தை வெட்டியிருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! ராத்திரி பகலாக வரைந்தவள் நான், என் பேரை வெட்ட இவர்கள் யார்? என்னைக் கேட்டார்களா? அடுத்த நொடி, வெட்டிய அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கோமதி அக்கா அழைத்தார். "ஷாலினி, எங்கப்பா செத்துட்டாருன்னு எனக்கே மெசேஜ் வருது. என்னா நடக்குது?"

"அக்கா, அது வந்து... கழுத்து..."

"கழுத்தா? நான் செராஸ்ல இருந்து வரேன். நீ முதல்ல வீட்டுக்குப் போய் அப்பாவைப் பாரு!"

பதிவை அழித்துவிட்டு, டாக்டரிடம் ஒரு சாவு என்று சொல்லிவிட்டு ஓடினேன். (பொய் என்று சொல்ல முடியாது.)

அங்கிள் வீட்டு வாசலில் ஒரு லோரி நின்றது. கெனோபிப் பந்தல் போடுகிறவர் கம்பிகளை இறக்கிக்கொண்டிருந்தார். யார் கூப்பிட்டார்கள் என்பது இன்றுவரை தெரியாது. அங்கிள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் குழாயால் தன் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். "வாம்மா. கெனோபி விருந்துக்குத்தானே? மண்டபத்துல இல்லையா அது?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு கார் வந்து நின்றது. முத்தையா அங்கிள் இறங்கினார். அவரும் ஸ்கூல் பஸ் ஓட்டியவர்தான். எந்தத் தாமான் குடியிருப்புப் பிள்ளைகளை யார் ஏற்றுவது என்ற தகராறில் இருவரும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். கையில் ஆளுயர மாலை, கண்ணில் தண்ணீர். "மணியம், ஒரு வார்த்தை பேசாம போயிட்டியேடா!" என்று அழுதுகொண்டே கேட்டைத் திறந்தவர், குழாயோடு நிற்கிறவரைப் பார்த்து அப்படியே உறைந்துவிட்டார்.

"டேய்... நீ உசுரோடவா இருக்க?"

"ஏன், உனக்குக் கஷ்டமா இருக்கா?"

முத்தையா அங்கிள் மாலையோடு அவரைக் கட்டிக்கொண்டு தேம்பினார். குழாய்த் தண்ணீர் இருவரையும் நனைத்தது. அந்த மாலையை மறுபடி காரில் ஏற்ற யாருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் இருவரும் சேர்ந்து அதைப் பஸ்ஸின் முன்னால் கட்டினார்கள். ஓய்வு பெறுவது அதுவும்தானே!

கோமதி அக்கா வந்தார். "படம் நான் சொல்லி, எங்க அப்பாவுக்காக வரைஞ்சது. நான் பாக்குறதுக்கு முன்னாடி ஊரு ஏன் பாக்கணும்? எனக்கு அந்தப் படம் வேணாம்." கவுண்டர் நாற்காலி என் கண் முன்னால் வந்து நின்றது. அழுதேவிட்டேன்.

மணியம் அங்கிள் மகளின் கைப்பேசியை வாங்கி, அதில் வந்திருந்த படத்தை உற்றுப் பார்த்தார். "செத்ததுகூட பரவால்ல. தலையில முடி எங்க?"

பிறகு, அக்காவின் கைப்பேசிக்கு வந்திருந்த இரங்கல் எல்லாவற்றையும் என்னையே படிக்கச் சொன்னார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே படித்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சுங்கை பூலோ மச்சான் ஒண்ணும் போடலையா? சரி, பாத்துக்குறேன்," என்று கணக்கெடுத்தார். ஒரு பெண் எழுதியிருந்தாள்: "அம்மா வர லேட்டானா, நான் தனியா நிக்கக்கூடாதுன்னு பஸ்ஸை நிறுத்திட்டு என்கூடவே உக்காந்திருப்பார்." அங்கிள் கைலி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதெல்லாம் செத்தாதான் சொல்லுவானுங்க. எனக்கு இருக்கும்போதே கிடைச்சிருச்சு. பிள்ளைய திட்டாத, கோமதி."

அக்கா பெருமூச்சு விட்டார். "சரி, வேற வரை. கழுத்தோட. விருந்து முடியறவரைக்கும் எங்கயும் போடக்கூடாது. அப்புறம் போடறதுன்னா என்னையும் அப்பாவையும் கேட்டுட்டுப் போடு."

எங்கிருந்து தைரியம் வந்ததோ, "நீங்க போட்டா என் பேரு இருக்கணும்க்கா. வெட்டக்கூடாது," என்றேன். அக்கா என்னை முறைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

விருந்துக்குள் கழுத்து வரையக் கற்றுக்கொண்டேன். (அம்மா கண்ணாடி முன்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார், பாவம்.) ஸ்டியரிங் பிடித்தபடி சிரிக்கும் மணியம் அங்கிள், அவர் கேட்ட அளவு முடியோடு, இன்றும் அவர்கள் கூடத்துச் சுவரில் இருக்கிறார். நான் கிளினிக்கை விட்டுவிட்டேன். யார் படம் கேட்டு வந்தாலும் கரித்துண்டைத் தொடுவதற்கு முன், யார் எப்போது எங்கே போடலாம் என்று பேசிவிடுகிறேன்.

பழைய படத்தைக் கிழித்துப்போடுவதாகச் சொன்னேன். அங்கிள் விடவில்லை. "பிற்பாடு வேணும்ல? நீயே வச்சிரு, அன்னைக்கு நீயே போடு. நான் பர்மிஷன் கொடுத்துட்டேன்," என்றார். அது என் அலமாரியில் இருக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக் காலையிலும் முதல் அழைப்பு அவருடையதுதான். வாழ்த்து எல்லாம் அப்புறம்.

"ஷாலினி, போட்டுடாத லா. நான் இருக்கேன்."