இருபத்தொரு தலையும் சரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு எண்ணத் தெரியும். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு ஏ எடுத்தவள் நான். ஆகவே இதை வாசித்துவிட்டு யாரும் எனக்கு எண்ணத் தெரியாது என்று முடிவு கட்டக் கூடாது. (என் தம்பி கட்டுவான். அவனை விடுங்கள்.) அன்று என் எண்ணிக்கை ஒரு தலைகூடப் பிசகவில்லை. அதுதான் வினையாய் முடிந்தது.

அப்போது நான் மன்னாரில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரியின் பறவை அவதானிப்புக் கழகத்துக்கு நான்தான் போக்குவரத்துச் செயலாளர். அப்படி ஒரு பதவி அதற்கு முன் உலகத்தில் இருந்ததில்லை. முந்தைய வருடம் வேறொரு கழகத்தார் ஒரு வான் வண்டிக்குள் முப்பது பேரை ஏற்றி, கதவு மூட முடியாமல் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். வாசலில் நின்ற கல்லூரிப் பணிப்பாளர் அதைக் கண்ணால் கண்டுவிட்டார். அன்றோடு எல்லாக் கழகங்களுக்கும் வாகனம் நின்றது.

எங்கள் பொறுப்பாசிரியை சுகந்தி மிஸ் ஐந்து தரம் அவருடைய அறைக்குப் போய்வந்து எங்களுக்கு மட்டும் அனுமதி வாங்கினார். பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்.

"இருபத்தொரு பேர் போறியள், இருபத்தொரு பேரும் வரோணும், ஒரு பிழை நடந்தாலும் இனி எந்தக் கழகத்துக்கும் வாகனம் இல்லை, விளங்கிச்சோ?"

எனக்கு நன்றாகவே விளங்கியது. அன்று இரவே பதினான்கு விதிகள் எழுதினேன். ஆளுக்கொரு இருக்கை. ஐம்பதுக்கு மேல் வேகம் இல்லை. முதலுதவிப் பெட்டி முன்னுக்கு. குளக்கரையில் செல்ஃபி எடுக்கப்போய் யாராவது தண்ணீருக்குள் விழக் கூடாது என்பதற்காக, இறங்கும்போதே எல்லாருடைய போனும் என் பையில். புறப்படுமுன் தலை எண்ணுதல். இவ்வளவையும் அச்சடித்து, லமினேற் பண்ணி, ஒன்றை மினிபஸ்ஸின் முன்கண்ணாடி ஓரத்தில் ஒட்டினேன். கொழும்பிலிருந்து அமைச்சர் வந்தால்கூட அவ்வளவு ஏற்பாடு நடந்திருக்காது.

சாரதி நிஸ்தார் நானா சிலாவத்துறைக்காரர். இருபது வருடம் ரூட் பஸ் ஓட்டிவிட்டுச் சொந்தமாய் ஒரு மினிபஸ் வாங்கி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். என் பதினான்கு விதிகளையும் நிதானமாக வாசித்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, புள்ள" என்றார்.

அவர் வாசித்த தாளில் ஒரு விசயம் மட்டும் இல்லை. எங்கள் பக்கத்து வீதிகளில் பஸ் வருவது குறைவு. தெருவோரம் நின்று யாராவது கை காட்டினால் எந்த வாகனமும் நிற்கும், இடமிருந்தால் ஏற்றும். வாடகை வாகனமா, கல்யாண வாகனமா என்று ஒருவரும் கேட்பதில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம் என்பதால் அதை விதியாக எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காலையில் முதலாவதாகத் திருக்கேதீஸ்வரம் போனோம். கோயில் குளமான பாலாவியின் கரையில் பறவை பார்ப்பது, பிறகு திரும்பி மன்னார்ப் பாலம் கடந்து தலைமன்னார் இறங்குதுறை வரை போவது என்பது திட்டம். இறங்கும்போது நான் பையை நீட்ட, எல்லாரும் போனைப் போட்டார்கள். மிஸ்ஸும் போட்டார், முன்மாதிரியாக. என்னுடையதையும் போட்டேன், விதி என்றால் விதி. பறவைகள் பயந்து பறக்கக் கூடாதென்று எல்லாவற்றையும் சத்தமில்லாமல் வேறு ஆக்கினேன். (பதினோராவது விதி.)

ஒரு மணி நேரம் கொக்கும் நாரையும் பார்த்துவிட்டு மினிபஸ்ஸுக்குத் திரும்பினோம். எல்லாரும் ஏறியபின் நான் கடைசிக் கதிரையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு தலையையும் விரலால் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டு வந்தேன். சாரதிக்குப் பக்கத்து இருக்கை மிஸ்ஸுக்கு ஒதுக்கியது. படிப்பிக்கிற ஆளின் தலையில் தட்டி எண்ணுவது மரியாதையா? நான் நாலு வரிசை பின்னாலேயே நின்றுகொண்டேன். முன் இருக்கையில் ஒரு கொண்டை தெரிந்தது. அதையும் சேர்த்து, என்னையும் சேர்த்து, இருபத்தொன்று.

"சரி, நானா! போகலாம்!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

பிள்ளைகள் பாட்டுத் தொடங்கினார்கள். முன்னாலிருந்து கோயில் பிரசாதம் கைமாறிக் கைமாறி வந்தது. மிஸ்ஸுக்கு எவ்வளவு நல்ல மனது என்று நினைத்துக்கொண்டு என் பங்கைச் சாப்பிட்டேன். மன்னார்ப் பாலத்தில் ஏறும்போது இரண்டு பக்கமும் கடல் பளபளத்தது. வாழ்க்கையில் அன்றுதான் முதன்முதலாக நான் ஒரு பொறுப்பான மனுசி என்று எனக்கே நம்பிக்கை வந்தது.

அந்த நம்பிக்கை பட்டணம் வரைக்கும்தான் நின்றது. பாலம் முடிந்து கொஞ்சத் தூரத்தில் முன் இருக்கைக் கொண்டை திரும்பியது. அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா. என்னைப் பார்த்து, "கொண்டக்டர் பிள்ளை, பஸ் ஸ்ராண்டிலை இறக்கம்" என்றார்.

இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து முன்னுக்கு ஓடினேன்.

"நீங்கள் ஆரம்மா?"

"நான் கோயிலுக்கு வந்தனான். இந்தத் தம்பியிட்டை மன்னார் போகுமோ எண்டு கேட்டன், ஏறுங்கோ எண்டவர்."

நானாவைப் பார்த்தேன். "கை காட்டினாங்க, புள்ள. முன் சீற் சும்மாதான் இருந்திச்சு" என்றார், உலகத்தில் அதைவிட நியாயமான விசயம் இல்லை என்பதுபோல.

"அப்ப மிஸ் எங்கை?"

பாட்டு நின்றது. முன்வரிசையில் இருந்த கெனடி மெதுவாகச் சொன்னான். "நான் அவவை மிஸ்ஸின்ரை அம்மா எண்டு நினைச்சன்." அப்போது பின்னாலிருந்த ஒருத்திக்கு நினைவு வந்தது. நாங்கள் மினிபஸ்ஸை நோக்கி நடக்கும்போது மிஸ் குளக்கரைப் பக்கம் திரும்பிப் போயிருக்கிறார். யாராவது தவறிப்போய் நிற்கிறார்களா என்று பார்த்துவர.

பைக்குள் கைவிட்டு மிஸ்ஸுடைய போனை எடுத்தேன். என் போனையும் எடுத்தேன். தெரியாத ஓர் இலக்கத்திலிருந்து எனக்கு ஒன்பது அழைப்பு வந்திருந்தது. திருப்பி எடுத்தேன். கோயிலடிப் பூக்கடைக்காரர் ஒருவர், மிஸ் அவருடைய போனை வாங்கித்தான் என்னை அழைத்திருக்கிறார். "அந்த ரீச்சர் இப்பதான் ரோட்டுப் பக்கம் நடந்து போறா" என்றார். பணிப்பாளரின் முகம் தெரிந்தது. அதைவிட, வெயிலில் தனியாக நடக்கும் மிஸ்ஸின் முகம் தெரிந்தது. எங்களுக்காக ஐந்து தரம் படியேறியவரை இப்படி விட்டுவிட்டு வந்தேனே என்று அழுகையே வந்துவிட்டது.

அம்மாவை பஸ் ஸ்ராண்டில் இறக்கிவிட்டுத் திரும்பினோம். (இறங்கும்போது, "நல்லா இரு, பிள்ளை" என்று என்னை ஆசீர்வதித்தார்.)

"நானா, கொஞ்சம் வேகமாப் போங்கோ!"

நானா ஸ்ரியறிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் எடுத்து முன்கண்ணாடியைக் காட்டினார். விதி மூன்று, ஐம்பது. என் கையெழுத்தும் கீழே இருந்தது.

ஐம்பதிலேயே போனோம். பாலம் தாண்டியதும் ஒருவர் மீன்பெட்டியோடு கை காட்ட, நானாவின் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இனி ஆர் கை காட்டினாலும் நிப்பாட்டக் கூடாது, நானா! ஆரெண்டாலும்! இது பதினைஞ்சாவது விதி!"

"சரி, புள்ள" என்றார் நானா. முகம் கொஞ்சம் வாடிப்போனது.

நான் பின்னுக்கு வந்து, மிஸ்ஸிடம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று கெனடியோடு ஆலோசித்தேன். கால் வலித்தது என்று சொல்லலாமா, கண் மங்கியது என்று சொல்லலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போது நானா பெருமையோடு என்னைக் கூப்பிட்டார்.

"புள்ள, இப்ப ஒரு ஆள் கை காட்டினாங்க. நிப்பாட்டவே இல்ல, பாருங்க."

"நல்லது, நானா. ஆர்?"

"உங்கட மிஸ் மாதிரித்தான் இருந்திச்சு."

பின்கண்ணாடியால் பார்த்தேன். சந்தியில் ஒரு குடை. குடைக்குக் கீழே, உயர்த்திய கை இன்னும் இறங்காமல், மிஸ்.

நிறுத்திய இடத்துக்கு அவர் நடந்து வந்து ஏறினார். முன் இருக்கையில் உட்கார்ந்து, குடையை மடக்கி, முகம் துடைத்தார். நான் தயாரித்து வைத்த காரணம் எல்லாம் மறந்துபோய், "மிஸ், நான்தான் பிழை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று மட்டும் சொன்னேன். கண்ணீர் பொலபொலவென்று வந்தது.

"எத்தினை பேர் எண்டு எண்ணினீர், பிறிஸ்கா?"

"இருபத்தொண்டு, மிஸ்."

"என்னை விட்டிட்டும் இருபத்தொண்டோ?"

"ஓம், மிஸ்."

அவருடைய உதடு துடித்தது. கோபம் என்று நினைத்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "இனி எண்ண வேண்டாம். பேரைச் சொல்லிக் கூப்பிடும். குரல் வந்தால்தான் ஆள்."

கூப்பிட்டேன். இருபது பெயரும் முடிந்து, கடைசியாக "சுகந்தி மிஸ்?" என்றேன். "ஓம், இருக்கிறன்" என்று முன் இருக்கையிலிருந்து பதில் வந்தபோது மினிபஸ் முழுக்க வெடித்துச் சிரித்தது. நானாவும் சிரித்தார், ஐம்பதைத் தாண்டாமல்.

மிஸ் பணிப்பாளரிடம் போய் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். அவரே அறிக்கையும் எழுதிக் கொடுத்தார். அதில் இருந்தது இவ்வளவுதான்: விட்டுவிட்டு வந்தது மாணவரை அல்ல, தன்னைத்தான். தனக்கு முறைப்பாடு எதுவும் இல்லை. இனிமேல் பெயர் கூப்பிட்டபின்பே வாகனம் புறப்படும். பணிப்பாளர் அதை இரண்டு தரம் வாசித்தாராம். வாகனம் நிற்கவில்லை. எனக்குக் 'கொண்டக்டர்' என்ற பெயரும் நிற்கவில்லை. வட்ஸ்அப் குழு வழியாக வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

போன வருடம் தலைமன்னாரில் எனக்குக் கல்யாணம். தேவாலயத்திலிருந்து மன்னார் மண்டபத்துக்கு என் பிடிவாதத்தால் நிஸ்தார் நானாவின் மினிபஸ்ஸிலேயே போனோம். தலைமுக்காட்டோடு எழும்பி நின்று பழக்கதோசத்தில் தலைகளை எண்ணினேன். சரியாக இருந்தது. "போகலாம், நானா" என்று வாய் திறக்குமுன் முன் இருக்கையிலிருந்து குரல் வந்தது.

"பேரைச் சொல்லிக் கூப்பிடும், பிறிஸ்கா."

கூப்பிட்டேன். மாப்பிள்ளை, "இருக்கிறன், கொண்டக்டர்" என்றார். அம்மா, தம்பி, மச்சாள், எல்லாரும் பதில் சொன்னார்கள். "அப்பா?" என்றபோது சத்தமே இல்லை. அப்பா தேவாலய வாசலில் பங்குச் சுவாமியோடு நின்று கதைத்துக்கொண்டிருந்தார். கடைசிக் கதிரையில் மடியில் பையோடு ஓர் ஐயா. தன்னைப் பேசாலையில் இறக்கிவிடும்படி பணிவாகக் கேட்டார்.

நான் நானாவைப் பார்த்தேன். அவர் கண்ணாடி வழியாக வீதியைப் பார்த்தார்.

அந்த ஐயாவை நாங்கள் பேசாலையில் இறக்கவில்லை. மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட வைத்துத்தான் விட்டோம். கல்யாண அல்பத்தில் குடும்பப் படத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறார். வீட்டுக்கு வருபவர்கள் அவர் யார் என்று கேட்கும்போதெல்லாம் என் கணவர் என்னைக் காட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறார். நானும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்கிறேன். அன்று எல்லாருடைய பெயரையும் கூப்பிட்டேன், அவருடைய பெயரைக் கேட்க மட்டும் மறந்துபோனேன்.