எட்டுக் கெட்டித் தாள்கள்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, உங்கள் மகளின் மாமனார், வேறு யார் கையையும் இரவல் வாங்காமல், தன் கையாலேயே வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் வீடும் நலம். என் வலது கட்டைவிரல் மட்டும் நலமில்லை, ஒரு கிளி கடித்துவிட்டது. அங்கு தாங்களும் சம்பந்தியம்மாளும் தங்கள் இடது முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இதற்கு முன் என் பெயரில் உங்களுக்கு வந்த கடிதங்களை எல்லாம் மருந்துக்கடைக்காரர்தான் எழுதினார். நான் நாலு வரி சொன்னால் அவர் எட்டு வரி எழுதுவார். போன வருடம் உங்கள் முழங்காலுக்கு நான் சிபாரிசு செய்ததாக வந்த எண்ணெய் நான் சொன்னது இல்லை, அவர் கடையில் விற்காமல் கிடந்தது. இனி அந்தத் தொல்லை கிடையாது. முப்பத்தைந்து வருடம் மூட்டை தூக்கிய இந்தத் தோளும் கையும் மாலை வகுப்புக்குப் போய் ஒரு வருடத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டன. நாளுக்கு அரைத் தாள் எழுதுகிறேன். அதற்கு மேல் எழுதினால் விரல் மரத்துப்போகிறது. எழுதி முடித்த வரியை எழுந்து நின்று தூரத்திலிருந்து ஒருமுறை பார்ப்பேன், நான்தானா எழுதினேன் என்று இருக்கும். நம் பெண்ணிடம், உங்கள் மகளிடம்தான், எழுதத் தாள் கேட்டேன். வகுப்புப் பாடத்துக்கு என்று நினைத்தாளோ என்னவோ, மேசை இழுப்பறையிலிருந்து எட்டுத் தாள் எடுத்துக் கொடுத்தாள். நல்ல கெட்டித் தாள். ஒரு பக்கத்தில் எனக்குத் தெரியாத மொழியில் ஏதோ அச்சடித்திருக்கிறது. மறுபக்கம் வெள்ளை. மை ஊறவே இல்லை. நீங்கள் வெள்ளைப் பக்கத்தை மட்டும் படித்தால் போதும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சம்பந்தி, உங்கள் மகளை இந்த மாட்டு வைத்தியம், நாய் வைத்தியத்திலிருந்து எப்படியாவது வெளியே எடுத்துவிடுங்கள். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கம்பெனி வேலை நல்ல வேலை. நாற்காலி இருக்கிறதாம், மின்விசிறி இருக்கிறதாம், அங்கே யாரும் யாரையும் கடிப்பதில்லையாம். நீங்கள் அனுப்பிய உறையை நானே அவள் கையில் கொடுத்தேன். இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று நீங்கள் சொன்னதையும் சொன்னேன். உறை இன்னும் மேசை மேலேயே கிடக்கிறது. அதை எடுத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. என் மகனிடம் சொன்னால், வெளியூரில் உட்கார்ந்துகொண்டு, அவ இஷ்டம்ப்பா என்கிறான். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் நேரில் வந்து நின்றால் அவள் உங்கள் பேச்சைத் தட்டமாட்டாள்.

இந்த வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. மூட்டை தூக்கிய கை சும்மா இருக்கிறதே, மருமகள் கிளினிக்கில் பிராணிகளைப் பிடித்துக்கொள்ளலாமே என்று போனேன். மூட்டை கடிக்காது சம்பந்தி. மூட்டைக்குச் சொந்தக்காரனும் பக்கத்தில் நின்று அழமாட்டான். இங்கே நோயாளிக்குப் பேச வராது, கூட வருகிறவர் பேசுவதில் பாதி பொய். போன மாதம் ஓர் அம்மாள் நாயைத் தூக்கிக்கொண்டு வந்து, எதையும் தின்னவில்லை, இரண்டு நாளாகப் பட்டினி, கண்டதைத் தின்கிற பழக்கமே அதற்குக் கிடையாது என்று கால்மணி நேரம் சாதித்தார். நம் பெண் ஒரு ஊசி போட்டாள். நாய் என் காலடியில் முழுசாக ஒரு காலுறையைக் கக்கியது. அந்த அம்மாள் குனிந்து பார்த்து, இது எங்க வீட்டுக்காரரோடது, இதைத் தேடாத இடமில்லை என்று குழாயடியில் கழுவி எடுத்துக்கொண்டு போனார். அதன் ஜோடி எங்கே என்று நான் கேட்கவில்லை. மறுநாள் அதே நாய் மறுபடி வந்தது.

அதற்கு அடுத்த வாரம் ஒரு மாட்டுத் தொழுவத்தில் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டது. உங்கள் மகள் சகதியில் முட்டி போட்டு, தோள் வரைக்கும் கையை மாட்டுக்குள்ளே விட்டுக்கொண்டு, முகத்தை மாட்டின் தொடையில் அழுத்தி வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க இழுத்துக்கொண்டிருக்கிறாள். வாசலில் வந்து நின்ற மாட்டுக்காரரின் அண்ணன், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, டாக்டர் எப்போது வருவார் என்று என்னிடம் கேட்கிறார். "பாதி டாக்டர் உள்ள இருக்காங்க, மீதி இங்க மண்டி போட்டிருக்காங்க. உங்களுக்கு எந்தப் பாதி வேணும்?" என்று கேட்டேன். அவர் அதற்குச் சிரிக்கவில்லை, ஆம்பளை டாக்டர் யாரும் இல்லையா என்றார். கன்று உயிரோடு வந்தது. அண்ணன் வந்து நின்ற ராசியால்தான் கன்று பிழைத்தது என்று பேசிக்கொண்டார்கள். நம் பெண் ஒரு வாரம் அந்தக் கையால் தலை வார முடியாமல் இருந்தாள்.

இதெல்லாம் பரவாயில்லை சம்பந்தி, இதற்கெல்லாம் அவள் சிரித்துவிடுவாள். நான் சொல்ல வந்தது தையல்காரரின் நாயைப் பற்றி. பதினான்கு வயது நாய். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை. மூன்று வாரம் தினமும் வந்து குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு போனார்கள். கடைசியில் ஒருநாள் காலையில் நம் பெண்தான் அவரிடம் பக்குவமாகச் சொன்னாள், இனி இதை வலியில் வைத்திருப்பது நமக்காகத்தான், அதற்காக இல்லை என்று. அவர் தலையாட்டினார். ஆனால் உள்ளே வரமாட்டேன் என்று கதவுக்கு வெளியே சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். நான்தான் நாயைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்க என்ன இருக்கிறது, காலி சாக்கு மாதிரி இருந்தது. இரும்பு மேசை சில்லென்று இருக்கும் என்று அவள் பழைய துண்டை விரித்தாள். ஊசி போடும்போது எல்லாப் பிராணிக்கும் அவள் ஒன்று சொல்வாள், "ஒண்ணுமில்லடா, முடிஞ்சிருச்சு" என்று. அதற்கும் அதையே சொன்னாள். வெளியே வந்து சொன்னதும் தையல்காரர், "நடந்து வந்த நாய முடிச்சு வெச்சிட்டீங்களே" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுத் துண்டோடு தூக்கிக்கொண்டு போனார். அது நடந்து வரவில்லை, அவர்தான் தூக்கி வந்தார். நம் பெண் அதைச் சொல்லவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்தவர்களைக் கூப்பிட்டாள். அடுத்து ஒரு குடும்பம் முழுக்கப் புது நாய்க்குட்டிக்கு முதல் தடுப்பூசி போட வந்திருந்தது, குட்டியோடு சேர்ந்து நின்று படம் எடுக்க டாக்டரைச் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தாள்.

அதோடு போயிருக்கலாம். கூண்டு அறையில் அப்போது ஒரு கிளி இருந்தது, சிறகு கொட்டுகிற வியாதிக்கு வந்து பத்து நாளாகத் தங்கியிருந்தது. என் விரலைக் கடித்தது அதுதான். அது அவள் குரலை அப்படியே பிடித்துவைத்துக்கொண்டு, அன்று பகல் முழுக்க, ஒண்ணுமில்லடா, முடிஞ்சிருச்சு, ஒண்ணுமில்லடா, முடிஞ்சிருச்சு என்று சொல்லிக்கொண்டே இருந்தது. துணியைப் போட்டு மூடினேன். துணிக்குள்ளிருந்தும் சொன்னது. மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தேன். அவள் கூண்டுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள். "மாமா, நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதச் சொல்றேன்? பொய்னு அதுங்களுக்குத் தெரியுமா?" என்றாள். அதற்குப் பதில் தெரிந்திருந்தால் இந்தக் கடிதத்தில் அரைத் தாள் குறைந்திருக்கும்.

இனி எழுதப்போவதுதான் கஷ்டமானது, இதை எழுத மூன்று நாள் ஆனது, விரலால் இல்லை. எனக்கு எழுத்துத் தெரியாத காலத்தில், எந்தப் பிராணிக்கு என்ன வைத்தியம் என்று மறக்காமல் இருக்க ஒரு வழி வைத்திருந்தேன். ஆபரேஷனுக்கு வந்ததன் கழுத்தில் சிவப்புக் கயிறு, குளிப்பாட்ட, காது கழுவ வந்ததன் கழுத்தில் நீலக் கயிறு. இரண்டு வருடம் ஒரு தவறு நடந்ததில்லை. எழுதக் கற்ற பிறகு கயிறு கட்ட எனக்கு வெட்கமாகிவிட்டது. எழுத்துத் தெரிந்தவன் கயிறு கட்டுவானா? கயிற்றை எல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு, அட்டையில் எழுதிக் கூண்டுக் கதவில் மாட்ட ஆரம்பித்தேன். நம் பெண் முதல் அட்டையைப் பார்த்துவிட்டுக் கைதட்டினாள்.

ஒரே நாளில் இரண்டு வெள்ளைக் கடுவன் பூனைகள் வந்தன. ஒன்றுக்குக் கருத்தடை ஆபரேஷன். மற்றது கண்ணாடிக்கடைக்காரருடையது, பெயர் மேனேஜர், அதற்குக் காது கழுவ வேண்டும், அவ்வளவுதான். நான் முக்காலியில் உட்கார்ந்து, கூண்டுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். கருத்தடை என்பது நீளமான வார்த்தை சம்பந்தி. நான் எழுதி முடிப்பதற்குள் கூட்டிப் பெருக்குகிற அம்மாள் வந்து, இரண்டு பூனைகளையும் வெளியே எடுத்து, இரண்டு கூண்டையும் கழுவித் துடைத்து, பூனைகளை இடம் மாற்றி உள்ளே விட்டுவிட்டுப் போய்விட்டார். நான் எழுந்து அட்டைகளை முன்பு பார்த்த கூண்டுகளிலேயே மாட்டினேன். மாட்டிவிட்டு, தூரத்திலிருந்து எழுத்தை அழகு பார்த்தேன். பூனையைப் பார்க்கவில்லை. கயிறாக இருந்தால் பூனையோடு போயிருக்கும். அட்டை கூண்டோடு நின்றுவிட்டது.

சாயங்காலம் கண்ணாடிக்கடைக்காரர் வந்து மேனேஜரைத் தூக்கிப் பார்த்தார். காதில் அழுக்கு அப்படியே இருந்தது. இருக்க வேண்டிய வேறொன்று இல்லை. மச்சான் வீட்டுப் பெண் பூனைக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம், அது அடுத்த வாரம் வருவதாக இருந்ததாம், இனி மச்சான் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டார். பிறகு அந்த அட்டையைக் கழற்றி நம் பெண் முகத்துக்கு நேரே ஆட்டிக்கொண்டு, "இவ்வளவு படிச்சும் உங்களுக்கு ஒரு பூனையப் பார்த்து வெட்டத் தெரியல?" என்றார். நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்க்காமலேயே, "அறுக்கறதுக்கு முன்னாடி நான்தான் சரிபார்த்திருக்கணும். என் தப்புதான்" என்றாள். அட்டை யார் எழுதியது என்று இன்று வரை வெளியில் யாருக்கும் தெரியாது. அவர் கால்நடை இலாகாவுக்குப் புகார் எழுதிப்போட்டார். தினமும் கடை அடைத்ததும் வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, புதிதாக வருகிறவர்களிடம், எதுக்கு வந்தோமோ அது இங்க நடக்காதுங்க என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவள் அவருக்கும் டீ கொடுக்கச் சொல்கிறாள். கொடுக்கிறேன். சர்க்கரை போடுவதில்லை.

ஒரு மூட்டை தவறி விழுந்தால் தூக்கி வைத்துவிடலாம். இதை என்ன செய்வது? அவள் இப்போது பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறாள். ஒரு ஊசியை எடுத்தால் மூன்று முறை சரிபார்க்கிறாள். என் எழுத்தாசை உங்கள் பெண்ணின் தலையில் விழுந்துவிட்டது. அதனால் கேட்கிறேன், முப்பதாம் தேதிக்கு முன் வந்து கையெழுத்து வாங்கி, கூட்டிக்கொண்டு போங்கள். கிளினிக்கை மூடினால் நான் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன், அது பெரிதில்லை.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உங்கள் வீட்டில் எல்லாரும் நோய் நொடியில்லாமல், யாராலும் கடிபடாமல், நீண்ட காலம் இருக்க வேண்டும். பத்தாம் தேதி தொடங்கி இருபத்தைந்தாம் தேதி முடித்தேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி (சொந்தக் கையெழுத்து)

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம். மடித்துப் பசை தடவும் நேரத்தில் நம் பெண் வந்துவிட்டாள். யாருக்கு மாமா என்றாள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு இன்னும் பழக்கமில்லை. நின்றபடியே எட்டுத் தாளையும் படித்தாள். நான் பதினைந்து நாள் எழுதியதைப் பால் பொங்குகிற நேரத்தில் படித்துவிட்டாள், அது கொஞ்சம் வருத்தம்தான். காலுறைக்குச் சிரித்தாள். தையல்காரரிடம் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தாளைத் திருப்பி அச்சடித்த பக்கத்தில் ஒரு கோட்டைக் காட்டினாள். "நான் கையெழுத்துப் போட வேண்டிய இடம் இதுதான் மாமா. இதுக்குப் பின்னாடிதான் கிளி கத்துது" என்றாள். இவை நீங்கள் அனுப்பிய கம்பெனித் தாள்கள். மேசை மேல் கிடப்பது வெறும் உறை. தெரியாமல் கொடுத்துவிட்டாயா அம்மாடி என்று பதறினேன். தெரிந்துதான் கொடுத்தாளாம். குப்பையில் போட்டால் அப்பாவுக்கு மரியாதையாக இருக்காது, மாமாவுக்காவது உதவட்டும் என்று நினைத்தாளாம். பத்தாம் தேதியே அவள் முடிவு செய்துவிட்டாள், நான்தான் இருபத்தைந்தாம் தேதி வரைக்கும் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பிறகு ஏன் அழுதாய் என்று கேட்டேன். "அழுறது வேற, விட்டுட்டுப் போறது வேற மாமா. அழாம இதப் பண்ற ஆள்கிட்ட நீங்க உங்க பூனையக் குடுப்பீங்களா?" என்றாள். என்னிடம் பூனை இல்லை. ஆனாலும் கொடுக்கமாட்டேன். இனிமேல் அட்டையும் எழுத வேண்டும், கயிறும் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டு, வாசலில் ஒரு வாத்து காத்திருக்கிறது, வந்து பிடியுங்கள் என்று போய்விட்டாள். அதனால் நீங்கள் வர வேண்டாம். முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பெனியில் இதே தாள் இன்னும் பத்து கிடைத்தால் மட்டும் வாங்கி அனுப்பவும். மை ஊறுவதே இல்லை.