நிலுவை ஏதுமில்லாத வீடு

இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், சென்ற மாதம் ஏழாம் தேதி முதல் என் வேலைப் பட்டியல் சொந்த வீட்டில் குடியேறிவிட்டது.

அதற்கு முன் பன்னிரண்டு வருடம் அது ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினியில், ஊர் பேர் தெரியாத இடத்தில் இருந்தது. ‘குழாய் மாற்ற வேண்டும்’, ‘பல் டாக்டரைப் பார்க்க வேண்டும்’ என்று நான் எழுதிவைப்பேன். அது நினைவூட்டும். நான் தள்ளிப்போடுவேன். எங்களுக்குள் ஒரு மனத்தாங்கலும் இருந்ததில்லை.

கெடுத்தவர் எங்கள் கோப்புப் பிரிவின் பக்கத்து மேசைக்காரர். எதற்கெடுத்தாலும் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பார். அதனால் அவருக்குச் சொந்தக்கால் என்றே பெயர்.

“பட்டியலை இன்னுமா வாடகை வீட்ல வெச்சிருக்கீங்க?”

“ஆமா. ஏன்?”

“உங்க ரகசியமெல்லாம் அவன் படிப்பானே!”

யோசித்துப் பார்த்தேன். ‘செருப்பு தைக்கக் கொடுக்கணும்’ என்ற செய்தி எதிரிகள் கையில் சிக்கினால் என் கதி? அன்று மாலையே ஒரு பழைய கணினியை வாங்கிவந்து செருப்பு அலமாரியின் மேல் பிரதிஷ்டை செய்தேன்.

குடிமாற்றத்துக்கு மூன்று வாரம் பிடித்தது. பட்டியலை மாற்றும் வேலைக்கே அறுபத்து மூன்று உருப்படிகள் கொண்ட தனிப் பட்டியல் போட்டேன். நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு அந்த மூன்று வாரமும் வேறெந்த வேலையும் நடக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மனைவி ஓர் உறையோடு வந்தாள். அவள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள். மகள் பிறந்ததும் விட்ட வேலை, ஒன்பது வருடம் கழித்து மறுபடி கிடைப்பதாக இருந்தது. பாக்கி ஒரே ஒரு காகிதம்.

“என் அனுபவச் சான்று. அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். போற வழியில நான் மனு போட்ட ஆபீஸ்ல கொடுத்துடுறீங்களா? இல்ல நானே போயிடவா?”

“வாய்மொழிக் கோரிக்கையை ஏத்துக்கற வழக்கமில்ல. இரு, பதிவு பண்ணிடறேன்.”

“பதிவு பண்ணுங்க, பண்ணாம போங்க. கொடுத்தா சரி.”

பதிவு செய்து, உறையைப் பையில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குடிமாற்றம் இனிதே நிறைவுற்றது. புதிய பட்டியலைத் திறந்த எனக்குப் புல்லரித்துவிட்டது. என் பெயரில் இருந்த நானூற்றுப் பன்னிரண்டு நிலுவைகளும் ‘முடிந்தவை’ என்ற தலைப்பின் கீழ் வரிசையாக நின்றன. குழாய் முடிந்தது. பல் முடிந்தது. அனுபவச் சான்றும் முடிந்தது. குளியலறையில் குழாய் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. குழாய், பட்டியல் இரண்டில் பொய் சொல்லக்கூடியது எது என்று நடுநிலையோடு ஆராய்ந்தேன். குழாய்தான் என்று முடிவு செய்தேன்.

“சான்று கொடுத்தாச்சா?” என்றாள் மனைவி.

“முடிஞ்சதுன்னு இருக்கு.”

“நீங்க கொடுத்தீங்களா?”

“பட்டியல் பொய் சொல்லுமா?”

அவள் நம்பினாள். பையைத் திறந்து பார்த்திருக்கலாம்தான். ஆனால் அது பட்டியலைச் சந்தேகித்ததாக ஆகிவிடுமே.

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்து, நினைவூட்டும் மணியை இணைத்தேன். உடனே மணி அடித்தது. பள்ளியிலிருந்து வந்திருந்த மகள் திரையை உரக்கப் படித்தாள்.

“அவளைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். ஒன்பது வருடம் தாமதம்.” என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அப்பா, நான் இன்னும் பொறக்கலையா?”

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பழைய நிறுவனம் முடிந்த வேலைக்குப் பூஜ்யம் போடும், பாக்கி ஒன்றுமில்லை என்று. என் இயந்திரமோ முடியாததற்குத்தான் பூஜ்யம் போடும். முடிந்ததெல்லாம் முடியாததாகி, முடியாததெல்லாம் முடிந்துபோயிருந்தது. வேலியில் போன ஓணானை நானே பிடித்து மடியில் விட்டுக்கொண்டிருக்கிறேன்.

பையைத் திறந்தேன். உறை கசங்காமல் அப்படியே இருந்தது.

ஓட்டமாக ஓடி, மூடுவதற்கு இருபது நிமிடம் இருக்கும்போது அந்த அலுவலகத்தை அடைந்தேன். சாளரத்துக்குள் இருந்த எழுத்தர் மனைவியின் எண்ணைத் தட்டிப் பார்த்தார்.

“இந்தக் கோப்பு முடிஞ்சுபோச்சே சார்.”

“எப்படிங்க? சான்றே இப்பதானே கொண்டு வந்திருக்கேன்!”

“பத்து நாள் முன்னாடி நாங்களும் சொந்தக் கணினிக்கு மாறிட்டோம். மறுநாள் காலைல பாத்தா நிலுவை மொத்தமும் முடிஞ்சிருந்துச்சு. மேலதிகாரிக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்துச்சு.”

“முடிஞ்சதுன்னா வேலை கிடைச்சுதா, கிடைக்கலையா?”

“அதுக்கு இதுல கட்டம் இல்ல சார்.”

“மாத்திக் கொடுத்தது யாரு?”

“வெளியிலேர்ந்து ஒருத்தர் வந்தாரு. சொந்தக் கால்ல நிக்கணும், நிக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு.”

“ஐயா, தப்பு நடந்திருக்கு. தயவுசெஞ்சு திருத்துங்க.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “பட்டியல் பொய் சொல்லுமா சார்?”

சாளரத்தை மூடினார்கள்.

வீட்டில் மனைவி ஒன்பது வருடம் பெட்டிக்குள் கிடந்த வெள்ளைக் கோட்டை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலாம்போல இருந்தது. “இனிமே அடுத்த வருஷம்தான் கூப்பிடுவாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, கோட்டை மடித்து மறுபடி பெட்டிக்குள் வைத்தாள். அத்தனை வெட்கம் நான் வாழ்நாளில் பட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. இருவரும் திரையைப் பார்த்தோம்.

‘அவளிடம் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்க வேண்டும். பதினோரு வருடம் தாமதம்.’

முடிந்தது என்று குறிக்கப் பாய்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அதுல கை வைக்காதீங்க.”

“ஏன்?”

“நிலுவையிலயே இருக்கட்டும். அன்னைக்கு வாய்மொழியா கேட்டீங்க, நானும் யோசிக்காம சரின்னுட்டேன். இந்தத் தடவை முறைப்படி எழுதிக் கொடுங்க. பாக்கலாம்.”

எழுதிக் கொடுத்து இன்றோடு இருபது நாள் ஆகிறது. பரிசீலனையில் இருப்பதாகத் தெரிகிறது.