ஊர் போட்ட மார்க்

"ஒண்ணு! மறுபடியும் ஒண்ணுடா!"

ஜெகதீசன் போட்ட கத்தலில், செல்போனைப் பிரித்துக்கொண்டிருந்த ரிஷப்பின் கையிலிருந்து திருகாணி எகிறி எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த ரிப்பேர் கடைதான் 'மல்லாட்டை' ராக் பேண்டின் தலைமையகம். வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பெயர்தான் மல்லாட்டை. ஜெகதீசன் கிட்டார், பாட்டு, கோபம். ரிஷப் டிரம்ஸ். ஜைன வீட்டுப் பிள்ளை, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். மணி அஞ்சரை ஆனால் பாதிப் பாட்டில் குச்சியை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான்.

அப்படி அறுந்துபோன பாட்டுகளையெல்லாம் சேர்த்துத்தான் 'டோல்கேட்' என்று ஆல்பம் போட்டார்கள். சென்னை விமர்சகி பத்மப்ரியா பத்துக்கு எட்டு கொடுத்துவிட்டார். 'சட்டென்று அறுந்து நிற்கும் முடிவுகள் பெரிய துணிச்சல்' என்று வேறு எழுதியிருந்தார். ஜெகதீசன் அதைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினான்.

ஆனால் கேட்கிற ஜனங்கள்? பாட்டு ஆப்பில் ஒன்று முதல் அஞ்சு வரை நம்பர் போட்ட அஞ்சு வட்டம் வரும். பிடித்ததை அமுக்க வேண்டியதுதான். முப்பத்தாறு பேர் அமுக்கியிருந்தார்கள். முப்பத்தாறும் ஒன்று!

விஷயம் சாதாரணமில்லை. புதுச்சேரி கடற்கரை இசை விழாவை நடத்தும் சவுரிராயன் கறாராகச் சொல்லியிருந்தார். "விமர்சகர் சொன்னது இருக்கட்டும் தம்பி. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள ஜனங்க மார்க் மூணைத் தொட்டா, மேடை உங்களுக்கு."

ஏழு வருஷமாகக் கல்யாண வரவேற்புகளில் அடுத்தவன் பாட்டைப் பாடித் தொண்டை வறண்டவனுக்கு இந்த மேடை என்றால் உயிர்.

"சொந்தக்காரங்க குரூப்புல 'அஞ்சு போடுங்க'ன்னு ஓபனா கேளு மச்சான்," என்றான் ரிஷப்.

"போடா! கலைஞன் மார்க் பிச்சை எடுக்கமாட்டான். மனசுல பட்டதைப் போடுங்கன்னுதான் சொல்லியிருக்கேன்."

அந்த மானஸ்தன் அன்று மத்தியானமே 'பிரம்மதேசம் பாபு' என்று பொய்ப் பெயரில் உள்ளே புகுந்து, தனக்குத்தானே ஒரு அஞ்சு போட்டுக்கொண்டான். சராசரி ஒன்று புள்ளி ஒன்று ஆனது. அவ்வளவுதான்.

"மூணாவது பாட்டுல நீ கத்துறதுதான் பேஜாரா கீது," என்றான் ரிஷப். கத்தலை வெட்டி ஏற்றினார்கள். 'மாற்றிவிட்டோம், எல்லோரும் கேளுங்கள்' என்று சொந்தக்காரர் குரூப்பில் போட்டான் ஜெகதீசன். உடனே விக்கிரவாண்டியிலிருந்து தாய்மாமன் சக்கரபாணியின் போன். மகள் வெண்ணிலா பத்தாவதில் முதல் ரேங்க் வாங்கியதற்கு நெடுஞ்சாலையில் முப்பதடி பேனர் வைத்த மனுஷன்.

"நீ பாட்டைப் பாடிக்கினு இரு மாப்ளே! ஊரை நான் பாத்துக்கறேன்."

மாமா நல்ல மனசுக்காரர். ஊர்தான் நாசமாய்ப் போயிற்று. பொழுது விடிவதற்குள் இன்னும் அறுபது பேர். அறுபதும் ஒன்று. ஏறிய அந்தப் புள்ளி ஒன்றும் இறங்கிவிட்டது!

"எல்லாம் அந்த அம்மா எழுதினதாலதான்டா!" ஜெகதீசனுக்குப் புதிதாக ஞானோதயம். "'விழுப்புரம் ரோட்டின் சலிப்பு அப்படியே கேட்கிறது'ன்னு எழுதியிருக்காங்க பாரு. நம்ம ஊர்க்காரனுக்கு ரோஷம் வந்துடுச்சு."

பத்மப்ரியாவுக்கே போன் போட்டான். "மேடம், அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க. நாங்க துணிச்சலாவும் முடிக்கல மேடம். டிரம்மருக்குச் சாப்பாட்டு நேரம்."

அரைமணி நேரத்தில் எட்டு நாலாகிவிட்டது. 'தங்கள் இசையைத் தாங்களே நம்பாதவர்கள்' என்று கீழே ஒரு வரி வேறு.

"வாயை வச்சுக்கினு சும்மா இருந்திருக்கலாம்," என்றான் ரிஷப். "இப்ப படிச்சவங்களும் போயிட்டாங்க."

வெள்ளிக்கிழமை காலை கடைசி அஸ்திரம். ஊர் ஜனங்களைக் குளிர்விக்க மல்லாட்டை விவசாயியைப் பற்றி உருகி உருகி ஒரு பாட்டு எழுதி, அங்கேயே பாடி, ஜல்தியாக ஏற்றினார்கள். குரூப்பிலும் போட்டார்கள். இருவரும் ஒரே செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எண்ணிக்கை நூற்றைம்பது. நூற்றெண்பது. இருநூற்றுப் பத்து. விழுகிற ஒவ்வொன்றும் ஒன்று, ஒன்று, ஒன்று!

"ஏன்டா, இந்த ஊருக்கு நான் என்னடா பாவம் பண்ணேன்?" என்று புலம்பினான் ஜெகதீசன்.

சரியாக நாலு மணிக்குச் சவுரிராயன் கூப்பிட்டார். "தம்பி, இருபது வருஷமா விழா நடத்துறேன். இவ்ளோ ஒத்துமையா ஒரு ஊரே திட்டி நான் பாத்ததில்ல. உங்களை மேடை ஏத்துனா கல்லு விழும். வேற ஆளுக்குக் குடுத்துட்டேன்."

ஜெகதீசன் சுவரில் இருந்த விமர்சனத்தைக் கிழித்தான். கிட்டாரை உறையில் போட்டு மூடினான். "இனிமே ரிப்பேர் மட்டும்தான்," என்றான். ரிஷப்புக்கும் கண் கலங்கிவிட்டது. பாவம், அன்றைக்கு அவன் மணிகூடப் பார்க்கவில்லை.

அப்போது வாசலில் பட்டாசு வெடித்தது. பத்தாயிரம் வாலா!

மினி வேன் ஒன்று வந்து நின்றது. ஆளுயர மாலையோடு குதித்து இறங்கினார் சக்கரபாணி. பின்னாலேயே விக்கிரவாண்டி, பனமலைச் சொந்தங்கள் விசிலடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

"மாமா... என்ன மாமா இது?"

மாமா மாலையை அவன் கழுத்தில் போட்டு, இறுக்கிக் கட்டிப்பிடித்துக் காதருகே பல்லைக் கடித்தார்:

"வீடு வீடா ஏறி எறங்கி இருநூறு பேரையும் உனக்கு ஒண்ணாவது ரேங்க் போட வச்சுட்டேன் மாப்ளே, எவனோ பிரம்மதேசம் பாபுவாம், அந்தப் பொறாமை புடிச்ச பய மட்டும் அஞ்சாவது ரேங்க் போட்டுக்கீறான், அவன் வீட்டை மட்டும் காட்டு!"